மலைப்பாதை வண்டியும் முதல் கிரிட்டும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் சாலை அடிவாரம் செக்போஸ்ட்டைத் தாண்டியதும் வளையத் தொடங்குகிறது. மேலே போய்ச் சேர்வதற்குள் 20 கொண்டை ஊசி வளைவுகள். இந்தச் சாலைக்கென்றே பிறந்த வண்டி என்று பைக் பிரியர்கள் சொல்வது சூப்பர்மோட்டோவை. மண்பாதைக்கான ஒற்றைச் சிலிண்டர் வண்டியில் 17 அங்குலச் சக்கரமும் தார்ச்சாலை டயரும் மாட்டினால் அதுதான் சூப்பர்மோட்டோ. கம்பெனியே தயாரித்து விற்பது நம் ஊரில் அரிது என்பதால், ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 மாதிரியான வண்டியின் 21, 18 அங்குலச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்கிறார்கள். அப்படி மாற்றிக்கொண்ட ஒருவருக்கு முறையான டிராக்கில் போட்டியிடும் ஆசை வந்தால், அவர் கேட்கும் முதல் கேள்வி, "என் வண்டி எந்தப் பிரிவில் சேரும்?" என்பது. கேள்வி இயல்பானது. ஆனால் புதியவர் இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கினால் தப்பான கிரிட்டில்தான் (பந்தயத் தொடக்க வரிசையில்தான்) போய் நிற்பார் என்பது என் கருத்து. முதல் ஆண்டில் சொந்த சூப்பர்மோட்டோ வீட்டிலேயே இருக்கட்டும். எல்லாருக்கும் ஒரே மாதிரியான சிறிய ஸ்டாக் வண்டி ஓடும் பிரிவில்தான் அவர் தொடங்க வேண்டும். அந்த முறையிலும் குறைகள் உண்டு; சில குறைகள் கடுமையானவை.

வண்டியின் சுபாவத்தை முதலில் பார்ப்போம். 1979-இல் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று, மண்ணிலும் தாரிலும் ஓட்டத் தெரிந்த வீரர்களில் யார் கெட்டிக்காரர் என்று பார்க்க, கலிபோர்னியாவின் கார்ல்ஸ்பாட் களத்தில் 'சூப்பர்பைக்கர்ஸ்' என்ற போட்டியை நடத்தியது. சூப்பர்மோட்டோவின் தொடக்கம் அதுதான். பிறகு பிரான்ஸில் வேர்பிடித்து வளர்ந்து, 2002-இல் உலக சாம்பியன்ஷிப் ஆயிற்று. மண் கலந்த, நெருக்கமான, சுருக்கமான களத்துக்காக உருவான வண்டி இது. நீண்ட ஃபோர்க், அகன்ற ஹேண்டில்பார், நிமிர்ந்து உட்காரும் நிலை என்று எல்லாமே குறுகிய வளைவில் சட்டென்று திருப்புவதற்காக வைத்தவை. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் இருப்பதோ 3.7 கிலோமீட்டர் நீளமும் 12 வளைவுகளும் கொண்ட டிராக். அதன் நேர்ப்பாதையில் நிமிர்ந்து உட்கார்ந்தவரின் மார்பு காற்றைத் தடுக்கும் சுவராகிவிடும். ஃபேரிங்குக்குள் குனிந்து ஓட்டுகிறவர் மணிக்கு 20 கிலோமீட்டர் கூடுதல் வேகத்தில் வந்தால், ஒவ்வொரு நொடியும் ஐந்தரை மீட்டர் இடைவெளி கரைந்துபோகும். வளைவில் சூப்பர்மோட்டோ முந்தும், நேர்ப்பாதையில் மற்றவர் முந்துவார். இப்படி மாறி மாறி முந்தும் கூட்டத்தில் அனுபவசாலிகளே திணறுவார்கள். முதல் பந்தயத்துக்கு வந்தவரை அங்கே நிறுத்துவது அவருக்கும் நல்லதல்ல, பக்கத்தில் ஓட்டுகிறவருக்கும் நல்லதல்ல.

தமிழ்நாட்டில் புதியவருக்குத் திறந்திருக்கும் கதவுகள் எவை? மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் தேசிய சாம்பியன்ஷிப்பில் 165 சிசி ஸ்டாக் வண்டிகளுக்கான நோவிஸ் பிரிவு ஒன்று. யமஹா ஆர்15 போன்ற வண்டிகளுக்கு அது பொருத்தமான இடம். இன்னொன்று ஒரே மாடல் வண்டியை எல்லாருக்கும் கொடுத்து நடத்தும் ஒன்-மேக் கோப்பைகள். டிவிஎஸ் இதை 1994-இலேயே தொடங்கிவிட்டது. அப்பாச்சி ஆர்டிஆர் 200 அதன் தொடக்கநிலை வண்டியாக ஓடியிருக்கிறது. 2021-இல் ராயல் என்ஃபீல்டு கான்டினென்டல் ஜிடி 650-ஐ வைத்து ஒரு கோப்பையைத் தொடங்கியது. சிறுவர்களுக்கு ஹோண்டாவின் டேலன்ட் கப் இருக்கிறது. இந்த முறைக்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்திலிருந்தே, ஓட்டுகிறவரின் கைக்கு நிகராக மெக்கானிக்கின் கையும் ஜெயித்தது. எஞ்சினின் காற்றுவழிகளைச் செதுக்கும் போர்ட்டிங்கை யார் நன்றாகச் செய்தார், யாரிடம் நல்ல சைலன்சர் இருந்தது என்பதே பாதி முடிவைத் தீர்மானித்தது. அந்தக் கலை பெரியது, மதிக்கத் தக்கது. ஆனால் கையில் காசில்லாத இளைஞனுக்கு அது எட்டாத உயரத்தில் இருந்தது. ஒரே மாதிரி வண்டி வந்ததும், தோற்றவர் எஞ்சினைக் குறை சொல்ல முடியாமல் போயிற்று.

குறைந்த சக்தியுள்ள ஸ்டாக் வண்டியின் முதல் பலன் இதுதான்: ஓட்டுகிறவரின் தப்பை அது மறைப்பதில்லை. ஒரு வளைவை எடுத்துக்கொள்வோம். புதியவர் பயத்தில் சீக்கிரமே பிரேக் பிடிக்கிறார், சீக்கிரமே திருப்பிவிடுகிறார். வளைவின் உள்முனையை அவசரமாகத் தொட்டுவிட்ட வண்டி வெளியேறும்போது டிராக்கின் விளிம்பை நோக்கி ஓடுகிறது. அதைத் தடுக்க ஆக்ஸிலரேட்டரைக் குறைக்கிறார். 47 குதிரைசக்தி வண்டியில் இருந்தால், நிமிர்ந்ததும் முறுக்கி, இழந்த வேகத்தில் பாதியை மீட்டுவிடுவார். தப்பு நடந்ததே அவருக்குத் தெரியாது. 18, 20 குதிரைசக்தி வண்டியிலோ இழந்த வேகம் அடுத்த நேர்ப்பாதை முடியும்வரை திரும்பாது. பின்னால் இருந்தவர் அதே வண்டியில் சாவகாசமாகத் தாண்டிப் போவார். இதைவிடத் தெளிவான ஆசிரியர் கிடையாது. ஆகவே ஒன்-மேக் கோப்பைகளிலும் சிறிய வண்டி ஓடுவதையே புதியவர் தேட வேண்டும். சாலையில் ஓடும் வடிவில் 200 கிலோவைத் தாண்டும் ஜிடி 650 இரண்டாவது அல்லது மூன்றாவது ஆண்டுக்கு நல்ல பள்ளி. முதல் ஆண்டுக்கு இல்லை.

"மலைப்பாதை எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்துவிட்டது, இனி டிராக் என்ன பெரிசு?" என்ற மறுப்பு அடிவாரத்தில் எளிதாகக் காதில் விழக்கூடியது. இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். டிராக்கில் வளைவை எடுக்கும் முறை வெளி விளிம்பில் தொடங்கி, உள்முனையைத் தொட்டு, மறுபடி வெளி விளிம்புக்குப் போவது. ஏற்காட்டுச் சாலையில் இதைச் செய்ய வேண்டுமானால் எதிர்வரிசைக்குள் போக வேண்டும். அங்கே பஸ் வரும், வாழைத்தார் ஏற்றிய வேன் வரும், குடும்பத்தோடு காரில் சுற்றுலா வந்தவர் பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு இறங்குவார். மலைப்பாதையில் ஒழுங்காக ஓட்டுகிறவர் சாலையின் பாதிக்குள்ளேயே, பார்வைக்கு எட்டிய தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகத்தில் ஓட்டுவார். அது உயர்ந்த திறமைதான், ஆனால் வேறு திறமை. அதைக் கற்றவருக்கு டிராக்கின் அகலம் முழுவதையும் பயன்படுத்துவது பழக நாளாகும். பழகாமலே வேகமாக வந்தவர், மலையில் விதி மீறித்தான் கற்றிருக்கிறார். 2024 ஏப்ரல் 30 அன்று இதே சாலையில் 13-ஆவது வளைவு அருகே தனியார் பஸ் ஒன்று கவிழ்ந்து உயிர்கள் போயின. தவறுக்கு இடம் கொடுக்காத சாலை அது. டிராக்கில் வளைவுக்கு வெளியே வெற்று நிலமும், கொடி பிடிக்கும் மார்ஷலும், ஆம்புலன்ஸும் இருப்பது தவறு நடக்கும் என்று தெரிந்துதான்.

இன்னொரு வேறுபாடும் இருக்கிறது. பலரும் இதைக் கவனிப்பதில்லை. ஒரு முறை மலையேறினால் ஒவ்வொரு வளைவும் ஒரே முறைதான் வரும். ஏழாவது வளைவில் செய்த பிழையைத் திருத்த, மறுபடி கீழே இறங்கி ஏறி வர வேண்டும். அதற்குள் எங்கே பிரேக் பிடித்தோம் என்பதே மறந்துபோகும். டிராக்கில் ஒரு லேப் இரண்டு நிமிடச் சொச்சம். பிழை செய்த அதே வளைவு அடுத்த லேப்பில் மறுபடி முன்னால் வந்து நிற்கும். பத்து லேப்பில் பத்து முறை, பிரேக் பிடிக்கும் இடத்தை இரண்டு மீட்டர் தள்ளிப் பார்க்கலாம், கியரை மாற்றிப் பார்க்கலாம், பார்வையை முன்னதாகவே உள்முனைக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாம். சரளி வரிசையைத் திரும்பத் திரும்பப் பாடித்தான் குரல் பிடிபடுகிறது. ஓட்டும் கையும் அப்படித்தான்.

சூப்பர்மோட்டோக்காரர்கள் சொல்லும் அடுத்த மறுப்பில் உண்மை அதிகம். அவர்கள் வண்டியை ஓட்டும் விதமே தனி. குறுகிய வளைவில் உடலை நிமிர்த்தி வைத்து, வண்டியை மட்டும் தனக்குக் கீழே சாய்த்து, உள்பக்கக் காலை நீட்டுவார்கள். ஆர்15-இல் உடலை உள்ளே இறக்கி முட்டியைச் சாய்த்து ஓட்டக் கற்றுக்கொண்டால் அது பிற்பாடு பயன்படுமா? பயன்படும். பெரிய வளைவுகளில் சூப்பர்மோட்டோ வீரர்களே உடலை உள்ளே இறக்கித்தான் ஓட்டுகிறார்கள். பார்வை, பிரேக்கை மெதுவாக விடுவது, கூட்டத்தில் தன் கோட்டை மாற்றாமல் ஓட்டுவது எல்லாம் எந்த வண்டிக்கும் பொது. பின்சக்கரத்தை வழுக்கவிட்டு வளைவுக்குள் நுழைவது மட்டும் சூப்பர்மோட்டோவிலேயே கற்க வேண்டியது. அதற்கு ரோடு ரேஸ் கிரிட் தேவையில்லை, கார்ட்டிங் களம் போதும். செலவுக் கணக்கும் இந்தப் பக்கமே சாய்கிறது. சாலை வண்டியைப் பந்தயத்துக்குத் தயார் செய்ய வேண்டுமானால் கண்ணாடியும் ஸ்டாண்டும் விளக்கும் கழற்ற வேண்டும், ஆயில் போல்ட்டைக் கம்பியால் கட்ட வேண்டும், விழுந்தால் அச்சு முனையும் ஃபுட்பெக்கும் தரையைக் கீறாதபடி ஸ்லைடர் போட வேண்டும். இத்தனையும் செய்து ஆய்வில் தேறினாலும், ஒரு முறை விழுந்தால் திங்கட்கிழமை வேலைக்குப் போக வண்டி இருக்காது.

இனி முறையின் குறைகள். முதலாவது, ஒன்-மேக் கோப்பை பெரும்பாலும் கற்றுக்கொடுக்கும் இடமாக இல்லாமல் பொறுக்கி எடுக்கும் இடமாக இருக்கிறது. தேர்வு முகாமில் லேப் நேரத்தைப் பார்த்து வேகமானவர்களை எடுத்துக்கொள்கிறார்கள். கம்பெனிக்கு அது நியாயம். வண்டி அவர்களுடையது, கிரிட்டில் இடமும் குறைவு. ஆனால் டிராக்கையே பார்த்திராத சேலத்துப் பையனும், வீட்டுக்குப் பக்கத்தில் டிராக் இருப்பதால் அடிக்கடி ஓட்டிப் பழகியவனும் ஒரே வரிசையில் நின்றால் யார் தேறுவார் என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம். டிராக்குகள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமும் கோவைப் பக்கமும்தான் இருக்கின்றன. இரண்டாவது குறை இன்னும் கனமானது. ஒரே மாதிரி வண்டி என்றால் யாராலும் யாரையும் விட்டு விலகிப் போக முடியாது. கூட்டம் கொத்தாகவே முதல் வளைவுக்கு வரும். ஒருவர் விழுந்தால் பின்னால் வருகிறவருக்கு விலக நேரம் இருக்காது. 2023 ஆகஸ்ட் 5 அன்று இருங்காட்டுக்கோட்டையில் தொடக்கநிலைப் பந்தயம் ஒன்றில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் விழுந்து உயிரிழந்தான். அந்த வாரத்தின் மீதிப் பந்தயங்கள் கைவிடப்பட்டன. அந்த விபத்துக்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. 'ரூக்கி', 'நோவிஸ்' என்ற பெயர்ப் பலகை யாரையும் காப்பாற்றாது என்பதை மட்டும் அந்த மரணத்தை வைத்துச் சொல்கிறேன். முதல் சில பந்தயங்களுக்காவது கிரிட்டை லேப் நேரப்படி இரண்டாகப் பிரித்து, இரண்டு அலைகளாகக் கிளப்பினால் நெரிசல் பாதியாகும். இதற்குக் காசு அதிகம் தேவையில்லை, கூடுதலாகச் சில நிமிடங்கள் போதும்.

மூன்றாவது குறை, சூப்பர்மோட்டோக்காரர் முதல் ஆண்டை முடித்த பிறகு போவதற்கான இடம் நம்மிடம் சரியாக அமையவில்லை என்பது. இலங்கைப் பந்தயங்களில் சூப்பர்மோட்டார்ட் என்றே தனிப் பிரிவு வைத்து ஓட்டுகிறார்கள். நுவரெலியாவில் 1934-இல் தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியில், சாலையை மூடிவிட்டு வண்டிகளைக் கடிகாரத்தோடு மோத விடுகிறார்கள். மலைப்பாதையின் கலையை மதிக்கும் முறை அதுதான். ஏற்காட்டுக்குக் குப்பனூர் வழியாக இன்னொரு சாலையும் இருப்பதால், ஒரு காலைப் பொழுதுக்கு அடிவாரம் பாதையை மூடுவது நடக்காத காரியம் இல்லை. மே மாதக் கோடை நெரிசலும் மண் சரியும் மழைக்காலமும் தவிர்த்து ஒரு நாளைத் தேர்ந்தெடுக்கலாம். எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்களும் மருத்துவமனைக்கு இறங்குகிறவர்களும் அந்த நேரத்தில் எப்படிப் போவார்கள் என்பதற்கு முதலில் வழி சொல்லிவிட்டுத்தான் அதைக் கேட்க வேண்டும். அதைவிட எளிது, இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளமுள்ள கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் கார்ட்டிங் களங்களிலும் ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளுக்கு ஒரு பிரிவைத் திறப்பது. 2022-இல் தொடங்கிய மினிஜிபி இந்தியா தொடர் சிறிய களங்களில் ஒழுங்கான பந்தயம் நடத்த முடியும் என்று காட்டிவிட்டது.

அது வரும்வரை சூப்பர்மோட்டோ வைத்திருக்கும் சேலத்து இளைஞருக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். முதலில் டிராக் பயிற்சி வகுப்பில் சேருங்கள், மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐ-யின் போட்டி உரிமம் எடுங்கள், 165 அல்லது 200 சிசி ஸ்டாக் பிரிவில் கம்பெனி வண்டியோ வாடகை வண்டியோ கிடைக்குமா என்று பாருங்கள். வண்டியை இன்னும் மாற்ற வைத்திருக்கும் பணத்தை லெதர் சூட்டுக்கும் நல்ல ஹெல்மெட்டுக்கும் கொடுங்கள். ஏற்காட்டுக்கு உங்கள் வண்டியிலேயே போங்கள், உங்கள் பாதிச் சாலையில், பஸ்ஸுக்கு வழிவிட்டு.