கொடையும் கூலியும்

வறுமையைப் பாடாத தமிழ்ப் புலவரும் இல்லை; வள்ளன்மையைப் போற்றாத தமிழ் நூலும் இல்லை. இவ்விரண்டினையும் நம் இலக்கியம் இரண்டாயிரம் ஆண்டுகளாக இடைவிடாது பேசி வந்துள்ளது. ஆயின் இவ்விரண்டிற்கும் நடுவே நிற்கும் மூன்றாவது பொருளொன்று உண்டு. அது கூலி. உழைத்தவன் கைக்கு உரியதாக வந்து சேரவேண்டிய கூலியைப் பற்றி நம் புலவர்கள் எவ்வளவு பாடினர் என்று எண்ணிப் பார்த்தால், ஏடுகள் திடீரென மெலிந்து விடுகின்றன. கொடையைப் பாடிய அளவுக்குக் கூலியைப் பாடாமை நம் இலக்கியத்தின் குறையா, அன்றி நம் சமுதாயத்தின் குறையா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கங்காதர நெல்லூரில் இருந்துகொண்டு இவ்வினாவை எழுப்புவதற்குக் காரணமுண்டு. நீவா ஆறு பாயும் இச்சித்தூர்ப் பக்கம் கரும்புக்கும் வெல்லத்திற்கும் மாவிற்கும் பெயர் பெற்றது. கிழக்கே புத்தூர், நாராயணவனம், நகரி, ஏகாம்பரகுப்பம் ஆகிய ஊர்களில் தறியோசை கேட்கும். தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும் மண் இது. கரும்பு வெட்டுவோரும் கொப்பரையடியில் வெந்து நிற்போரும் நெய்வோரும் நம் அண்டை வீட்டார். அவர்களை மறந்துவிட்டு நாம் இலக்கியம் பேசுதல் தகுமோ?

அடைத்த கதவு

சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் காட்டும் அடுக்களையை அறியாத தமிழன்பர் இரார். கண் திறவாத குட்டிகள் பால் காணாத முலையைப் பற்ற, ஈன்ற நாய் நோவு பொறாமல் குரைக்கிறது. சுவர் இடிந்து கிடக்கிறது, கரையான் மண்ணெடுக்கிறது. பாணன் மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்புமின்றி வேகவைத்துத் தன் சுற்றத்தோடு உண்கிறாள். இத்துணையும் வறுமையின் புறத்தோற்றமே. புலவரின் பெருமை அடுத்து வரும் ஒரு செய்கையில் உள்ளது. புறங்கூறுவார் காணா வண்ணம் அவள் கதவை அடைத்துவிடுகிறாள்.

அக்கதவை உரையாசிரியர் நாணத்தின் அடையாளமாகக் கொள்வர். பசி உடலைச் சுடும். அப்பசியைப் பிறர் காண்பது உள்ளத்தைச் சுடும். உதவி செய்யப் புகும் எவரும், அரசாயினும் தனியராயினும், இரண்டாவது சூட்டினை அறிந்திருத்தல் வேண்டும். ‘இல்லை’ என்னும் துன்பச் சொல் இரப்பவன் வாயினின்று வருமுன்னரே ஈதல் வேண்டும் என ஈகை அதிகாரத்துக் குறளொன்றிற்குப் பொருள் கொள்வதும் இந்நுட்பம் பற்றியே.

பரிசிலும் மானமும்

இவ்வுணர்வின் உச்சியில் நிற்பவர் பெருஞ்சித்திரனார். அவர் வறுமை பொய் வறுமையன்று. முதிர்ந்த தாயும், மெலிந்த மனைவியும், வெறுங்கலத்தைத் திறந்து பார்த்து அழும் பிள்ளையும் அவர் பாடல்களில் நம் கண்முன் நிற்கின்றனர். குமணன் தந்த செல்வத்தை வீட்டிற்குக் கொணர்ந்தவுடன், என்னைக் கேளாமலே எல்லார்க்கும் கொடு என்று மனைவியிடம் கூறியவரும் அவரே.

அத்தகையவர், அதியமான் நெடுமான் அஞ்சி தம்மை நேரிற் காணாமல் அனுப்பிய பரிசிலை ஏற்க மறுத்தார். தாம் வாணிகம் செய்யும் பரிசிலர் அல்லர் என்றார். தம் தகுதியறிந்து தருவதாயின் அது தினையளவாயினும் இனிது என்றார். இது செருக்கு அன்று. பொருளைக் கொடுத்து ஆளைக் காணாது விடுதல் கொடையாகாது என்னும் நெறியே இது.

எனினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. மறுக்கும் உரிமை பெருஞ்சித்திரனார்க்கு இருந்தது. அவர் கையில் பாட்டு இருந்தது. ஒரு மன்னன் மறுத்தால் மற்றொரு மன்னனிடம் செல்லும் வழியும் இருந்தது. வேளைக்கீரை கிள்ளிய பெண்ணுக்கு அவ்வுரிமை உண்டோ? சங்கக் கொடை, பாடத் தெரிந்தவர்க்குப் பாதுகாவலாய் அமைந்தது. உழுதவனும் உப்பு விளைவித்தவனும் அப்பாடல்களில் வந்து போகின்றனர். வாயில்காத்து நின்று பரிசில் பெறுவோர் அவர்களல்லர்.

அமுதசுரபியின் பொருள்

இக்குறையை முதலில் உணர்ந்த காப்பியம் மணிமேகலை எனலாம். அமுதசுரபி பாடுவார்க்கு மட்டும் சோறு வழங்கவில்லை; காணார், கேளார், முடவர், பேணுநரற்றோர் என எல்லார்க்கும் வழங்கியது. திருப்பித் தர வல்லார்க்கு ஈவோர் அறத்தை விலை கூறுவோரே என்று சாத்தனார் இடித்துரைக்கிறார். மணிமேகலையின் வேண்டுகோளால் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகிறது. தனியொருவர் ஈகை ஊர்ப்பொது அறமாக மாறும் இடம் இது.

ஆயினும் சாத்தனார் ஓர் எச்சரிக்கையும் வைத்துள்ளார். மழை பொழிந்து விளைவு பெருகியபோது ஆபுத்திரன் பாத்திரத்தை நாடுவார் இல்லாமற் போயினர். அவனுக்கு அது துயரமாகத் தோன்றியது. நாட்டுக்கோ அது நலம். உதவியை நாடுவார் இல்லாத நாளே உதவியின் வெற்றி. இக்காப்பியத்தை அன்னதானச் சிறப்பாக மட்டும் படிப்போர் இப்பகுதியை ஊன்றி நோக்குதல் வேண்டும்.

பிட்டுக்கு மண்

கூலியாளைக் காப்பியத் தலைவனாகக் காண விழைவோர் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்திற்குச் செல்ல வேண்டும். மண் சுமந்த படலம் பக்திக் கதையாகவே படிக்கப்படுகிறது. அதனைப் பொருளியல் கண்கொண்டு நோக்கினால் வேறொரு காட்சி தோன்றும். வைகை பெருகிற்று; கரையடைக்க வீடுதோறும் பங்கு அளந்து விடப்பட்டது. மாடமாளிகைக்கும் பங்கு, பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்திக்கும் பங்கு. கணவனும் மகனும் அற்ற முதியவள் ஆளுக்கு எங்கே போவாள்? அளவில் ஒத்த பங்கு நீதியில் ஒத்ததாகாது என்பதை இதனினும் தெளிவாகக் கூறுதல் அரிது.

இறைவன் கூலியாளாய் வந்தான். பிட்டையே கூலியாகப் பேசினான். பாண்டியன் பிரம்பால் அடித்தான். அவ்வடி அரசன்மீதும் அவையோர்மீதும் எல்லா உயிர்மீதும் பட்டது. கூலியாள் முதுகில் விழும் அடி ஊரார் அனைவர் முதுகிலும் விழுகிறது என்பதே அப்படலத்தின் சமுதாயப் பொருள் என்று கொள்வதில் பிழையில்லை. ஆனால் அடிபட்டவன் இறைவனாயிருந்ததால் அடி திரும்பியது. வெறும் மனிதனாயிருந்தால்?

புதினங்கள் தந்த விடை

அவ்வினாவிற்கு விடை கூற இருபதாம் நூற்றாண்டுப் புதினம் பிறக்க வேண்டியிருந்தது. 1953இல் வெளிவந்த தொ.மு.சி. ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ நெசவாளர் பசியை ஊழ்வினையாகக் காட்டாமல் நூல் விலையோடும் சந்தையோடும் இணைத்துக் காட்டிற்று. நகரிப் பக்கத்துத் தறிகாரர் வீட்டில் அந்நூலைப் படித்துக் காட்டினால், அம்பாசமுத்திரத்துக் கதை என்று எவரும் ஒதுக்கமாட்டார்.

1968 டிசம்பர் 25ஆம் நாள் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து மாண்டனர். உழவுத்தொழிலாளர் கூலி உயர்வு கேட்டதே அப்பூசலின் வேர். அதனைக் களமாகக் கொண்ட இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ 1977இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. கூலிப் பூசலை நிலக்கிழாரின் உளச்சிக்கலாகச் சுருக்கிவிட்டது என்னும் குற்றச்சாட்டு அந்நூலின்மேல் உண்டு. அதில் உண்மையுண்டு என்பதே எம் கருத்து. தனிமனிதன் மனநோய் நீங்கினால் கூலி உயருமோ? இதற்கு மாறாக, ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ தூத்துக்குடி உப்பளத்திற்கே நேரிற் சென்று கண்டு எழுதப்பட்டது. அங்கே தீயோன் ஒருவன் இல்லாவிடினும் துன்பம் தொடரும். ஏனெனில் துன்பம் கணக்கேட்டில் இருக்கிறது. கலைநயத்தில் ‘குருதிப்புனல்’ உயர்ந்திருக்கலாம்; கூலியின் உண்மையைக் கண்டதில் ‘கரிப்பு மணிகள்’ முந்தி நிற்கிறது.

நம் வாசலில்

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1983இல் என்.டி. ராமராவ் ஆட்சி கிலோ இரண்டு ரூபாய்க்கு அரிசி வழங்கியது. வேலையை உரிமையாகக் கேட்கலாம், கேட்ட பதினைந்து நாளில் தராவிடில் படி தரவேண்டும் என்று கூறிய 2005ஆம் ஆண்டுச் சட்டம், 2006 பிப்ரவரி 2ஆம் நாள் நம் அனந்தபுரம் மாவட்டத்துப் பண்டலப்பள்ளியில்தான் செயலுக்கு வந்தது. கொடைமொழியை விட்டுக் கூலிமொழியைச் சட்டம் பேசிய நாள் அது. 2025 இறுதியில் நாடாளுமன்றம் அதற்கு மாற்றாக வேறொரு சட்டம் இயற்றியது. அதன் நிறைகுறையைக் காலம் காட்டும்.

2024 ஜூலை முதல் நாளன்று, மாதம் 4000 ரூபாயாக உயர்த்தப்பெற்ற ஓய்வூதியம் ஆந்திரத்து முதியோர்க்கும் கைம்பெண்டிர்க்கும் வீட்டு வாசலிலேயே வழங்கப்பெற்றது. சிறுபாணாற்றுப்படைப் பெண் அடைத்த கதவை நினைவிற் கொண்டோர் இதன் அருமையை உணர்வர். கை நீட்டித் தெருவில் நிற்க வேண்டாத உதவி, மானத்திற்கு இடம் தருகின்ற உதவி.

2025 யுகாதியன்று தொடங்கப்பெற்ற ‘பி-4’ திட்டம், செல்வத்தில் மேல்நிலையிலுள்ள பத்து விழுக்காட்டினர் அடிநிலையிலுள்ள இருபது விழுக்காட்டுக் குடும்பங்களுக்குத் துணைநிற்க வேண்டும் என்கிறது. துணை நிற்பவர் ‘மார்கதர்சி’. துணை பெறும் குடும்பம் ‘பங்காரு குடும்பம்’, அதாவது பொற்குடும்பம். பெயர்கள் அழகியவை. ஆயினும் இலக்கியம் கற்றோர் இரண்டு வினாக்களை எழுப்பாதிருத்தல் இயலாது. பெருஞ்சித்திரனார் கேட்டது போல், கொடுப்பவர் பெறுபவரைக் கண்டு கொடுக்கின்றாரா? சாத்தனார் கருதியது போல், நாடுவார் குறையும் நாளை நோக்கி இக்கொடை நடக்கின்றதா? வழிகாட்டியாக வருபவர் தம் தோட்டத்தில் கரும்பு வெட்டுபவனுக்குக் குறைகூலி தந்துவிட்டு, அடுத்த ஊர்க் குடும்பத்திற்குத் துணைநின்றால், அது எவ்வகை அறம்?

முடிவுரை

இவ்வினா பிறரை நோக்கியது மட்டுமன்று. இம்மலரை வெளியிடும் நாமும் ஆண்டுவிழா மேடைகளில் ஏழை மாணவரை வரிசையில் நிறுத்திக் குறிப்பேடு வழங்குகிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம். அக்குழந்தை படத்தில் நம்மைப் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்க்கிறது. அடைத்த கதவை நாமே திறந்து ஊருக்குக் காட்டிவிட்டோம் அல்லவா? அதே விழாவிற்குப் பந்தல் போட்டவனுக்கும் பாத்திரம் கழுவியவளுக்கும் பேசிய கூலியை அன்றைக்கே, குறையாமல், தந்தோமா என்று எந்த ஆண்டறிக்கையிலும் எழுதியதில்லை.

கொடை வேண்டாம் என்பது எம் கருத்தன்று. முதியோர்க்கும் பிணியாளர்க்கும் பேணுநரற்றோர்க்கும் கொடையே துணை. ஆனால் உழைக்கும் கையுள்ளவனுக்கு உரிய கூலியைக் குறைத்துவிட்டு அக்குறையில் ஒரு சிறு பங்கைக் கொடையெனத் திருப்பித் தருதல், வந்தியிடம் பங்கு கேட்ட பாண்டியன் நீதியே ஆகும். கொடையைப் பாடி வளர்ந்த தமிழ் கூலியையும் பாடக் கற்க வேண்டும். அதற்குமுன், தமிழர் நாம் கூலியை ஒழுங்காகக் கொடுக்கக் கற்க வேண்டும்.