கன்றைப் பிரிந்த பசு: ஜான் பனியனின் 'மோட்சப் பிரயாண'த்தில் சமயத் துன்புறுத்தலும் தந்தைமையும்

ஆய்வுச்சுருக்கம்

ஜான் பனியனின் 'மோட்சப் பிரயாணம்' தன் குடும்பத்தைக் கைவிட்டு ஓடும் ஒருவனின் கதை என்று பலகாலமாகக் குறைகூறப்பட்டு வந்துள்ளது. அந்நூலின் இரண்டு பாகங்களையும் ஆசிரியரின் சிறைவாழ்வோடு இணைத்து நோக்கினால், துன்புறுத்தப்படும் தந்தை தன் பிள்ளைகளுக்கு எதைக் கையளிக்க வேண்டும் என்னும் வினாவே அதன் உள்ளீடாக இருப்பது புலப்படும். அவ்வினாவுக்கு நூல் தரும் விடையின் வலிமையையும், அவ்விடையை நூலே மீறும் இடத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

முன்னுரை

எபேசியருக்கு எழுதப்பெற்ற நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில் மூன்று செய்திகள் அணுகி நிற்கின்றன. தந்தையர் பிள்ளைகளின் மனத்தைக் கசக்காமல் இறைநெறியில் வளர்க்க வேண்டும் என்பது ஒன்று. நம்பிக்கையாளரின் போர் மனிதரோடு அன்று, தீமையின் ஆற்றல்களோடு என்பது மற்றொன்று. இவற்றை எழுதுபவர் விலங்கிடப்பட்ட கைதி என்பது மூன்றாவது. வளர்ப்பு, போர், சிறை ஆகிய மூன்றும் ஒரே அதிகாரத்தில் இடம்பெறுவதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட இயலாது. சமயத்தின் பொருட்டுத் துன்புறுவோரின் இல்லங்களில் இம்மூன்றும் என்றும் பிரிவின்றியே இருந்துள்ளன. அங்கு வளரும் பிள்ளைக்குத் தந்தை கையளிப்பது துன்பத்தின் நினைவா, துன்புறுத்தியோர்மீது கொள்ளும் பகையா என்பதே இங்கு எழும் வினா. இவ்வினாவை ஆராயப் பனியனின் நூல் தக்க களமாக அமைகிறது.

1858-இல் கிறித்தவம் தழுவிய எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை, இந்நூலின் முதற்பாகக் கதையைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியத்தை 1894-இல் வெளியிட்டார். காப்பியமாக விரிந்தது தந்தையின் பயணமே. பிள்ளைகளின் பயணத்தைக் கூறும் இரண்டாம் பாகம் தமிழ்த் திறனாய்வில் உரிய கவனம் பெறவில்லை. இக்கட்டுரை மூலநூலின் அப்பாகத்தையே முதன்மைப்படுத்துகிறது. பாத்திரப் பெயர்கள் பொருள் நோக்கித் தமிழில் தரப்படுகின்றன.

போரும் சிறையும்

பனியன் 1628-இல் பெட்ஃபோர்டு அருகில் பிறந்தவர். பாத்திரங்களுக்கு ஈயம் பூசிச் செப்பனிடும் தொழிலினர். இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில், பதினாறாம் வயதில் நாடாளுமன்றப் படையில் சேர்க்கப்பட்டார். 1660-இல் முடியாட்சி மீண்டபோது, அரசுத் திருச்சபையின் உரிமம் இன்றிப் போதித்த குற்றத்துக்காகக் கைது செய்யப்பட்டார். போதிப்பதில்லை என்று உறுதியளித்திருந்தால் விடுதலை கிடைத்திருக்கும். அவர் அவ்வுறுதியை அளிக்கவில்லை. 1672 வரை சிறையிலிருந்தார்.

அப்போது அவருக்கு நான்கு சிறு பிள்ளைகள் இருந்தனர். மூத்த மகள் பிறவியிலேயே பார்வையற்றவள். முதல் மனைவி இறந்தபின் மணந்த எலிசபெத், கணவர் கைதான அதிர்ச்சியில் பேறுகாலத்துக்கு முன்பே குழந்தையை ஈன்று அதனை இழந்தார். 1661-இல் அவர் நீதிபதிகள்முன் நின்று கணவருக்காக வாதிட்டும் பயன் விளையவில்லை. நுனியில் தகடு பொருத்திய நாடாக்களைச் சிறையில் செய்து விற்றே பனியன் குடும்பத்துக்கு உதவினார்.

1666-இல் வெளியான தன்வரலாற்றில் இப்பிரிவை அவர் மறைக்கவில்லை. பார்வையற்ற மகள் தம்மால் பசியும் குளிரும் அடியும் படுவாளே என்று வருந்துகிறார். தம் வீட்டைத் தாமே மனைவி மக்கள் தலைமீது இடித்துத் தள்ளுவதாக உணர்கிறார். அங்கே அவர் நினைவுக்கு வருபவை, சாமுவேல் முதலாம் நூலில் உடன்படிக்கைப் பெட்டியைச் சுமந்து சென்ற இரண்டு கறவைப் பசுக்கள். கன்றுகளைத் தொழுவத்தில் அடைத்துவிட்டு அவற்றை வண்டியில் பூட்டினர். அவை வழிநெடுகக் கதறிக்கொண்டே சென்றன. எனினும் பாதையினின்று விலகவில்லை. கன்றை மறந்திருந்தால் கதறல் இராது; பாதையை மறந்திருந்தால் திரும்பியிருக்கும். இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கும் தந்தைமையே பனியனுடையது.

ஓடும் தந்தை

முதற்பாகம் 1678-இல் வெளிவந்தது. அதன் தொடக்கத்தில் கிறிஸ்தியான், மனைவியும் மக்களும் அழைக்க அழைக்கக் காதுகளைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். தன் ஆன்மாவை மட்டும் காத்துக்கொள்ளும் தன்னலம் இது என்பது இந்நூல்மீது வைக்கப்படும் பழைய குற்றச்சாட்டு. குற்றச்சாட்டு பொருளற்றதன்று. ஆயின் அதனை முதலில் எழுப்பியவர் பனியனே என்பது கவனத்துக்குரியது. அழகு மாளிகையில் 'அன்பு' என்னும் கன்னி, குடும்பத்தை ஏன் அழைத்து வரவில்லை என்று கிறிஸ்தியானிடம் வினவுகிறாள். இப்பகுதி முதற்பதிப்பில் இல்லை; பின்னரே சேர்க்கப்பட்டது. அச்சேறிய நூலிலும் ஆசிரியரின் மனச்சான்று அமைதியுறவில்லை என்பதற்கு இச்சேர்க்கை சான்றாகிறது.

அவ்வுரையாடலின் கூர்மை ஒரு வினாவில் உள்ளது. அவர்களிடம் பேசினாயா, அவர்களுக்காக மன்றாடினாயா என்று கேட்டபின், சொல்லால் கட்டியதை உன் நடத்தையால் இடித்தாயா என்றும் அன்பு கேட்கிறாள். கிறிஸ்தியான் தன் குறைகளை ஒப்புக்கொள்கிறான். தந்தையின் போதனையை அளக்கும் கோல் அதன் பயனன்று, அவன் வாழ்வே என்பதே இங்கு வைக்கப்படும் நெறி. மனைவியும் மக்களும் வராதது அவன் குற்றமாகக் கொள்ளப்படவில்லை. அவர்கள் வருவதற்குத் தடையாக அவன் வாழ்ந்திருந்தால் அதுவே குற்றமாகியிருக்கும்.

இரு போர்களின் வேறுபாடு

போர்க்களம் கண்ட பனியன் வாளை எங்கே உருவச் செய்கிறார், எங்கே உறையில் இடச் செய்கிறார் என்பது ஆராயத்தக்கது. தாழ்மைப் பள்ளத்தாக்கில் அப்பொல்லியோன் என்னும் பேயை எதிர்த்துக் கிறிஸ்தியான் குருதி சிந்திப் போரிடுகிறான். மாயச் சந்தையில் மனிதர் அவனையும் 'உண்மையுள்ளவனை'யும் அடித்து, சேறு பூசி, கூண்டில் அடைக்கின்றனர். அங்கே இருவரும் கை ஓங்கவில்லை. வசைக்கு வசை கூறவில்லை. அப்பொறுமை சந்தையாருள் சிலரைத் தம்மவரையே கண்டிக்கத் தூண்டுகிறது. முடிவில் உண்மையுள்ளவன் எரிக்கப்படுகிறான். பேயோடு வாள், மனிதரோடு பொறுமை என்னும் இப்பாகுபாடு நிருபத்தின் போர்நெறியைக் கதையாக்கியதாகும். உள்நாட்டுப் போரில் இரு தரப்பினரும் இறைவன் பெயரால் மனிதரைக் கொன்றதைக் கண்ட தலைமுறைக்கு இது எளிய பாடமன்று.

பிள்ளைகள் கற்றது எவ்வாறு

1684-இல் வெளியான இரண்டாம் பாகத்தில் கிறிஸ்தியானாளும் மத்தேயு, சாமுவேல், யோசேப்பு, யாக்கோபு என்னும் நான்கு மைந்தரும் புறப்படுகின்றனர். தந்தை அப்போது ஆற்றைக் கடந்துவிட்டான். அவன் கண்ணீரை ஒருகாலத்தில் புறக்கணித்ததை எண்ணித் தாய் அழ, பிள்ளைகளும் அழுது, தந்தையின் வழியே செல்ல விரும்புகின்றனர். உடனிருந்தபோது பலிக்காத தந்தையின் சொல், அவன் சென்றபின் பலிக்கிறது. தந்தை விட்ட பணியைத் தாய் ஏற்கிறாள், வழித்துணையாகிய தீரநெஞ்சன் காக்கிறான், விவேகி கற்பிக்கிறாள். பிள்ளை வளர்ப்பு ஒரு சமூகத்தின் கூட்டுப்பணியாகிறது.

விவேகி கடைசி மகனாகிய யாக்கோபில் தொடங்கி ஒவ்வொருவரையும் வயதுக்கேற்ப வினவுகிறாள். இறுதியில், தாயின் சொல்லைக் கேட்கவும், வானையும் மண்ணையும் உற்றுநோக்கவும், தந்தையைப் பயணியாக்கிய அந்நூலைச் சிந்திக்கவும் அறிவுறுத்துகிறாள். தந்தையை நகலெடுக்குமாறு அவள் கூறவில்லை என்பது நுட்பமானது. தந்தையை நகர்த்தியது எதுவோ அதனிடமே பிள்ளைகளும் நேரே செல்ல வேண்டும். மத்தேயு பகைவனின் தோட்டத்துக் கனியை உண்டு நோயுறும்போதும் வெறுக்கப்படுவதில்லை, மருந்து தரப்படுகிறது. நலமுற்றபின், மருந்து ஏன் கசக்கிறது என்று அவனே விவேகியிடம் வினவுகிறான். வினவப்பட்டவன் வினவுபவனாவதே இக்கல்வியின் நிறைவு.

அப்பொல்லியோனோடு போர் நிகழ்ந்த இடத்தைத் தீரநெஞ்சன் காட்டுகிறான். கற்களில் தந்தையின் குருதிக்கறை இன்னும் உள்ளது. முறிந்த அம்புகள் கிடக்கின்றன. காயு என்பவரின் விடுதியில் மைந்தர் தந்தையின் மரபைக் கேட்கின்றனர். கல்லெறியுண்ட ஸ்தேவான், வாளுக்கு இரையான யாக்கோபு, சிங்கங்கள்முன் எறியப்பட்ட இக்னேஷியஸ், தீயில் மாண்ட பொலிகார்ப் என அப்பட்டியல் நீள்கிறது. அங்கே துன்புற்றோர் பெயர் உண்டு. துன்புறுத்தியோர் எவர் பெயரும் இல்லை. எறிந்தவர் யார், எரித்தவர் யார் என்று காயு கூறவில்லை. பிள்ளைகள் நினைவைப் பெறுகின்றனர். பழிவாங்கும் கடனைப் பெறவில்லை. அடுத்ததாக அங்கே பேசப்படுவது திருமணம். தியாகியரின் பட்டியலிலிருந்து வாழ்வின் தொடர்ச்சிக்குக் கதை இயல்பாக நகர்கிறது.

நெறி தளரும் இடம்

இவ்வுயர்வை நூல் இறுதிவரை காக்கவில்லை. மாயச் சந்தை நகரத்தில், உண்மையுள்ளவன் இறந்தபின் பகைமை தணிந்திருக்கும் வேளையில், காட்டிலிருந்து ஒரு கொடுவிலங்கு வந்து பிள்ளைகளைக் கவர்ந்து செல்கிறது. ஏழு தலையும் பத்துக் கொம்பும் உடைய அவ்வுரு, அக்காலச் சீர்திருத்தச் சபையாரின் வழக்கப்படி உரோமைத் திருச்சபையைக் குறிப்பதாகவே பெரிதும் கொள்ளப்படுகிறது. முதற்பாகத்திலும் போப்பு ஓர் அரக்கனாக வருகிறார். ஆயின் அங்கு அவர் நகத்தைக் கடிக்கும் ஆற்றலற்ற முதியவர். இரண்டாம் பாகத்தில் விலங்கின்மீது மெய்யான தாக்குதலே நடக்கிறது.

இதன் காலச்சூழல் நினைக்கத்தக்கது. 1678-இல் டைட்டஸ் ஓட்சின் பொய்ச் சாட்சியத்தால் எழுந்த 'போப்பியச் சதி' பீதியில் குற்றமற்ற கத்தோலிக்கர் பலர் மரணதண்டனை அடைந்தனர். இப்பீதி தணிந்த சில ஆண்டுகளில் இரண்டாம் பாகம் வெளிவந்தது. மற்றொரு முரணும் இங்கு உண்டு. பனியனைச் சிறையிலிட்ட ஆட்சி உரோமையினது அன்று. சீர்திருத்தச் சபையாகிய இங்கிலாந்துத் திருச்சபையைக் காத்த ஆட்சியே அது. தம்மைத் துன்புறுத்தியோரைப் பெயர் சுட்டாமல் விட்ட பனியன், அந்நாளில் தம்மைப் போலவே சட்டத்தால் ஒடுக்கப்பட்ட மற்றொரு சமயத்தாரை விலங்காக வரைகிறார். அதையும் பிள்ளைகளைக் காக்கும் பெயரிலேயே வரைகிறார். மாயச் சந்தையில் மனிதருக்கு எதிராக உருவப்படாத வாள், மனிதரை விலங்காக உருவகித்தபின் உருவப்படுகிறது. உருவகம் நெறியைக் காத்த இடமும் உண்டு. நெறியை மறைத்த இடமும் இதுவே. பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றிய அச்சமே பகையை அவர்களுக்கு ஊட்டும் வாயிலாவதை இக்காட்சி, ஆசிரியர் கருதாமலே, காட்டிவிடுகிறது.

முடிவுரை

ஒரே நூலில் இரண்டு மரபுரிமைகள் உள்ளன. காயுவின் விடுதியில் கிடைப்பது துன்பத்தின் நினைவு. கொடுவிலங்கின் காட்சியில் கிடைப்பது பகைவனின் உருவம். முன்னது எபேசியர் நிருபத்தின் நெறியோடு இணைகிறது. பின்னது அதனோடு முரண்படுகிறது. போராலும் சமய ஒடுக்குமுறையாலும் இன்றும் பல நாடுகளில் தந்தையர் பிள்ளைகளைப் பிரிகின்றனர். சிறையினின்றோ புலம்பெயர்ந்த இடத்தினின்றோ அவர்கள் சொல்லியனுப்பும் சொற்களில் இவ்விரண்டும் கலந்தே இருக்கும். அவற்றைப் பிரித்தறியும் பயிற்சியே கிறித்தவச் சீடத்துவம் இன்று எதிர்கொள்ளும் கடும்பணி. கருணையினால் மட்டும் அது கைகூடாது. தன் சமூகத்தின் அச்சங்களையும் தந்தை ஐயுற்று நோக்க வேண்டும்.

இரண்டாம் பாகத்தின் முடிவில் தாய் ஆற்றைக் கடக்கிறாள். நான்கு மைந்தரும் அவளோடு செல்லவில்லை. சபையின் பெருக்கத்துக்காக இக்கரையிலேயே தங்குகின்றனர். தந்தை விட்டோடிய உலகில் பிள்ளைகள் நிலைபெறுகின்றனர். பெட்டியைச் சுமந்து போன பசுவின் கதறல் வீண்போகவில்லை என்பதற்கு நூல் தரும் சான்று இதுவே. அக்கதறலில் எதைக் கேட்டுக் கன்றுகள் வளர வேண்டும் என்பதை ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகத் தெரிந்துகொள்ள வேண்டியுள்ளது.