மூன்று நிமிஷக் கச்சேரி

நான்கு மணி நேரக் கச்சேரியைக் கொண்டே ஒருவருடைய வித்வத்தை நிர்ணயிக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டபடியால், சுமார் மூன்று நிமிஷத்துக்குள் பாடி முடித்தாக வேண்டும் என்ற நிர்ப்பந்தத்துக்கு உட்பட்டு, தங்கள் சங்கீதத்தை அரக்குத் தட்டுகளில் விட்டுச் சென்ற முதல் தலைமுறைப் பாடகிகளை நாம் இரண்டாம் வரிசையில் வைத்து மறந்துவிட்டோம். அந்தத் தீர்ப்பு நியாயமற்றது என்பதற்கு, கோயம்புத்தூர் தாயி என்று பிரசித்தி பெற்ற பழனிகுஞ்சரத்தின் (1872–1917) இசைத்தட்டுகளே சாட்சி.

மரக்காணத்து உப்பளக் கரை தெற்கே நீண்டு புதுச்சேரியை நெருங்கும் பெரிய முதலியார்சாவடியில், நண்பர் ஒருவர் வீட்டில், சாவி கொடுத்து முடுக்கிய கிராமபோனில் அவற்றுள் ஒன்றை அண்மையில் கேட்க வாய்த்தது. எடுத்த எடுப்பிலேயே சாரீரம் மேல் ஸ்தாயிக்குப் பாய்கிறது. இரண்டொரு பிருகாக்களில் ராகத்தின் முகத்தைக் காட்டிவிட்டு, மறுகணமே பாட்டுக்குள் நுழைகிறார். 1925-ல் மின்சார ஒலிப்பதிவு வரும்வரை, தகரக் குழலின் வாயை நோக்கிப் பாடிய குரலின் வேகம் ஒன்றுதான் ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறியது என்பதையும், மெல்லிய குழைவுகள் அதில் சரிவரப் பதியவில்லை என்பதையும் நினைத்துப் பார்த்தால், அந்த உச்ச ஸ்ருதியும் துரித காலமும் காரியம் அறிந்து செய்த தேர்வு என்பது புலப்படும். பாத்தியில் கட்டிய கடல்நீரை வெயிலில் வற்றவைத்து உப்பெடுப்பது போல, மணிக்கணக்கில் விஸ்தரிக்கத்தக்க ராகத்தை வற்றவைத்துச் சாரத்தை மட்டும் எடுத்துத் தருகிறார். நிரவலுக்கும் தனி ஆவர்த்தனத்துக்கும் இடமில்லை என்பது குறைதான். ஆனால் வீணாகப் போன ஸ்வரம் ஒன்றுகூட இல்லை.

இதை நமக்கு முன்பே உணர்ந்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர். ராவெலின் சீடரான மொரீஸ் தெலாஜ், தாயியின் பாட்டில் மயங்கி, அவர் பாடிய அருட்பா இசைத்தட்டை ஒட்டி ‘ராகமாலிகா’ என்ற பியானோ உருப்படியையே இயற்றினார். அதில் ஒரு தந்தியின் நாதத்தை அட்டைத் துண்டால் மட்டுப்படுத்தி நம் தாளவாத்தியத்தின் ஒலியை வரவழைக்க முயன்றார்.

தட்டு வியாபாரத்தின் தர்மம் எங்கும் ஒன்றே. அமெரிக்காவில் நாற்காலிக் கம்பெனி ஒன்று நடத்திய பாரமவுண்டு முத்திரையில் 1930-ல் பாடிய கீஷி வைலி என்ற ப்ளூஸ் பாடகியின் பெயர், சில பாட்டுகளோடு நின்றுவிட்டது. சென்னையில் 1932-ல் தொடங்கி, ஜெர்மானிய ஓடியன் முத்திரையில் தட்டுகள் வெளியிட்ட சரஸ்வதி ஸ்டோர்ஸின் கூட்டாளியான ஏ.வி. மெய்யப்பனின் பெயர் சினிமாவால் நிலைத்தது; அந்தத் தட்டுகளில் பாடியவர்களிலோ பலரை இன்று யாரும் அறியார். தாயிக்கு நேர்ந்ததும் இதுவே. 1928-ல் மியூஸிக் அகாடமி தோன்றுவதற்குப் பதினோரு ஆண்டு முன்பே மறைந்த அவர், தேவதாசி மரபினர் என்பதால், பின்னர் வந்த சபாக்களின் நினைவிலும் இடம்பெறாமல் போனார்.

வித்வத்தை அளக்க நேரம் அளவுகோல் அன்று, கிடைத்த நேரத்தை ஆண்ட சாமர்த்தியமே அளவுகோல் என்று கொண்டால், தாயியின் இடம் முன்வரிசையில்தான். சபாவில் ஒதுக்கிய நேரம் போதவில்லை என்று முறையிடும் இளம் வித்வான்கள் முதலில் கேட்க வேண்டியவை இந்தத் தட்டுகளே.