அதிசயம் சான்றாகுமா?

கடவுளை நம்பாத ஒருவரிடம் எதைக் காட்டினால் நம்புவீர்கள் என்று கேட்டால், பெரும்பாலோர் ஓர் அதிசயத்தைத்தான் கேட்பார்கள். அந்தக் கோரிக்கைக்கு முறையாக முகங்கொடுத்த வழிபாட்டிடங்கள் மிகக் குறைவு. பிரான்சின் தென்மேற்கே, பிரனீஸ் மலையடிவாரத்திலுள்ள லூர்து அவற்றில் தலையானது. 1858இல் பெர்னதெத் சுபிரு என்ற 14 வயதுச் சிறுமி அங்கொரு குகையில் மரியன்னையைக் கண்டதாக நம்பப்படுகிறது. அக்குகையின் ஊற்றுநீரால் நோய் தீர்ந்ததாகப் பலர் சொல்லத் தொடங்கினர். அந்தக் கூற்றுகளை ஆராய 1883இல் மருத்துவர்களைக் கொண்ட பணியகம் ஒன்றே அங்கு ஏற்பட்டது. நோய் கடுமையானதாக இருந்திருக்க வேண்டும். உடலுறுப்பைப் பற்றியதென்று உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். திடீரென்று, முழுமையாக, நிலையாகத் தீர்ந்திருக்க வேண்டும். கொடுத்த சிகிச்சையால் விளைந்ததாக இருக்கக் கூடாது. இவ்வளவையும் தாண்டினால்தான் கோப்பு மேலே போகும். வந்து பதிவான குணமடைதல்கள் 7,000க்கும் மேல்; திருச்சபை அதிசயமென்று அறிவித்தவை 70ஐச் சற்றே தாண்டும்.

இந்தக் கண்டிப்பு மதிக்கத்தக்கது. நூற்றில் ஒன்றை மட்டுமே ஏற்கும் அமைப்பைக் கண்மூடித்தனத்தின் கூடாரம் என்று தள்ளிவிட முடியாது. நம்பிக்கையில்லாத மருத்துவரும் அந்த ஆய்வில் உட்காரலாம். மருத்துவர்கள் தம் எல்லையையும் தாண்டுவதில்லை. இன்றைய மருத்துவ அறிவால் இதை விளக்க இயலவில்லை என்பதோடு அவர்கள் நிறுத்திக்கொள்கிறார்கள். அதிசயம் என்ற தீர்ப்பைச் சொல்பவர் குணமடைந்தவரின் ஊர் ஆயர். இந்தப் பிரிவினை நேர்மையானது. ஆனால் ஐயம் கொண்டவருக்கு உதவாத இடமும் அதுவே. விளக்க முடியவில்லை என்பதிலிருந்து கடவுள் செய்தார் என்பதற்குப் போகும் அடியை மருத்துவம் எடுத்து வைக்கவில்லை, நம்பிக்கைதான் எடுத்து வைக்கிறது. நம்பிக்கை இல்லாதவரிடம் அந்த அடியை எதிர்பார்ப்பது எப்படி நியாயமாகும்?

கண்ணால் பார்த்தால் மாறிவிடுவார்கள் என்று சொல்வதுண்டு. பார்த்தவர்களின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1892இல் நாவலாசிரியர் எமில் ஸோலா லூர்துக்குப் போனார். குணமடைந்தவர்களைப் பார்த்தும் மனம் மாறாமல் திரும்பினார். 1894இல் அவர் வெளியிட்ட நாவலில், குணமானதாக நம்பப்பட்ட ஒரு பெண்ணுக்கு ஊர் திரும்பும் வழியில் நோய் மீண்டும் பற்றிக்கொள்கிறது. அந்தப் பாத்திரத்துக்கு மூலமான பெண்ணோ பல்லாண்டு உயிர் வாழ்ந்தார். தமக்கு ஒவ்வாத சான்றை ஸோலா எழுத்தில் திருத்திக்கொண்டார். ஐயுறுவோர் வெட்கப்பட வேண்டிய செயல் இது. மறுபுறம், 1902இல் லியோன் நகர மருத்துவர் அலெக்சிஸ் காரெல் நோயாளிகளுடன் லூர்து சென்றார். வயிற்றுக் காசநோயால் சாகக் கிடந்த மாரி பாயி என்ற பெண்ணின் வீக்கம் அவர் கண்ணெதிரே வடிந்தது. பின்னர் 1912இல் நோபல் பரிசு பெற்ற அந்த மனிதரை அக்காட்சி கடைசிவரை விடவில்லை. ஆனால் காரெலையே உலுக்கிய அந்தக் குணமடைதல் லூர்தின் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இல்லை. நோய் மனம் சார்ந்ததாக இருந்திருக்கலாம் என்பதை அக்கால மருத்துவர்கள் போதிய அளவு ஆராயவில்லை என்று பிற்காலக் குழு அதை ஒதுக்கியது. ஒருவரை நம்ப வைத்தது சான்றாக நிற்கவில்லை. சான்றாக நின்றவை பலரை நம்ப வைக்கவுமில்லை.

எண்ணிக்கையைக் கொண்டு இந்த வழக்கை முடித்துவிடலாம் என்று வானியலாளர் கார்ல் சேகன் கருதினார். புற்றுநோய் தானாகவே மறைவது அரிதென்றாலும் மருத்துவம் அறிந்ததுதான். லூர்தில் காணும் விகிதம் அதைவிடக் குறைவு என்பது அவர் வாதம். கேட்க வலுவாக இருந்தாலும் இதில் ஓட்டை இருக்கிறது. லூர்துக்கு இதுவரை போன கோடிக்கணக்கானோரில் பெரும்பாலோர் நோயாளிகளே அல்லர். குணமடைந்தவர் எல்லாரும் பணியகத்தின் கதவைத் தட்டுவதுமில்லை. வகுக்க வேண்டிய எண் தெரியாமல் விகிதம் சொல்ல முடியாது. ஆனால் இதே ஓட்டை நம்புவோரின் பக்கமும் இருக்கிறது: வந்த நோயாளிகள் எத்தனை பேர், என்னென்ன நோய், திரும்பிப் போனவர்கள் என்ன ஆனார்கள் என்ற கணக்கில்லாமல் 70 என்ற எண்ணுக்கும் பொருளில்லை. தானாக முன்வந்து சொன்னவர்களிலிருந்து பொறுக்கி எடுத்த தொகை அது.

கணக்கை முன்கூட்டியே வகுத்துச் செய்த சோதனை ஒன்று உண்டு. இதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1,802 நோயாளிகளை வைத்து அமெரிக்காவின் ஆறு மருத்துவமனைகளில் நடந்த ஆய்வின் முடிவு 2006இல் வெளியானது. தமக்காகப் பிறர் வேண்டுகிறார்களா என்று தெரியாத இரு பிரிவினரில், வேண்டுதல் பெற்றவர்களில் 52 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 51 விழுக்காட்டினருக்கும் சிக்கல்கள் ஏற்பட்டன. வேண்டுகிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்தவர்களில் அது 59 விழுக்காடு. மதத்தில் ஆர்வம் கொண்ட டெம்பிள்டன் அறக்கட்டளை பெரும்பணம் கொடுத்தும் முடிவு மறைக்கப்படவில்லை. அந்த நேர்மையை ஐயுறுவோரும் பாராட்டத்தான் வேண்டும். ஆயினும் வேண்டுதல் பெறாதவர்கள் என்று குறிக்கப்பட்டவர்களுக்காக அவர்களின் தாயும் பிள்ளைகளும் வீட்டில் வேண்டியிருப்பார்கள், அதை யார் தடுக்க முடியும்? அந்நியர் சிலரின் வேண்டுதல் கூடுதலாகச் சேர்ந்ததால் பயனில்லை என்பதைத்தான் ஆய்வு காட்டியது. கடவுள் இல்லை என்று காட்டவில்லை.

இங்கே நம்புவோரின் வலுவான மறுப்பு வருகிறது: கடவுளைச் சோதனைக்கு உட்படுத்துவதே தகாது, அவர் விரும்பியபோது அருள்வார். விவிலியத்திலேயே இந்த எச்சரிக்கை உண்டு. ஆனால் அதே விவிலியத்தில் கர்மேல் மலையில் இறைவாக்கினர் எலியா எதிரணியை முன்னால் வைத்துப் பகிரங்கமாகச் சோதனை நடத்துகிறார். ஐயப்பட்ட சீடர் தோமாவுக்கு இயேசுவின் காயத்தைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு மறுக்கப்படவில்லை. மதுரையில் சமணர்களோடு சம்பந்தர் நடத்திய அனல்வாதத்தையும் புனல்வாதத்தையும் பெரியபுராணம் பெருமையோடுதான் சொல்கிறது. ஏடு எரியக் கூடாது, நீரோட்டத்தை எதிர்த்துச் செல்ல வேண்டும் என்று நிபந்தனை முதலில், நிகழ்ச்சி பிறகு. வரலாறாக இவற்றை ஏற்காதவரும் ஒன்றைக் கவனிக்கலாம்: இந்த மரபுகள் சோதனைக்கு அஞ்சியதாகத் தம்மைக் காட்டிக்கொள்ளவில்லை. வென்ற சோதனையைப் புராணமாக்கிவிட்டு, தோற்கக்கூடிய சோதனையை மட்டும் தெய்வ நிந்தனை என்று சொல்வது சரியாகாது.

ஐயுறுவோரிடமும் இதே நேர்மையைக் கேட்க வேண்டியிருக்கிறது. 1963இல் இலங்கையில் பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், தெய்வீக ஆற்றலைக் காட்டுவோருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று அறிவித்தார். அந்த அறைகூவலின் உண்மையான மதிப்பு பணத்தில் இல்லை. முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் ரூபாய்த் தாளின் எண்ணைச் சொல்வது போன்ற திட்டமான நிபந்தனைகளை முன்னரே எழுதி வைத்ததில் இருக்கிறது. எது நடந்தாலும் தற்செயல், பிரமை, மோசடி என்று பின்னால் ஒரு பெயர் சூட்டிக்கொள்பவர் ஐயத்தைக் கைவிட்டு வேறொரு முடிவான நம்பிக்கைக்குப் போய்விட்டவர்.

அப்படி முன்னரே எழுதிய நிபந்தனை நிறைவேறினால்கூட, உலகைப் படைத்த கடவுள் உண்டு என்று அது நிறுவாது, வேண்டுதலுக்குச் செவிசாய்க்கும் ஏதோ ஓர் ஆற்றல் உண்டு என்றே காட்டும் என்பது உண்மைதான். நியாயமான ஐயவாதிக்கு அதுவே போதுமான தொடக்கம். ஆகவே லூர்துக்கும் அதைப் போன்ற தலங்களுக்கும் வைக்க வேண்டிய கோரிக்கை தெளிவானது. நோயாளிகள் வரும்போதே, அவர்கள் விருப்பத்தோடு, நோயின் நிலையை ஆவணங்களோடு பதிவு செய்யுங்கள். ஐந்தாண்டு, பத்தாண்டு தொடர்ந்து பாருங்கள். அதே நோயோடு எங்கும் போகாதவர்களின் கணக்கை அருகில் வையுங்கள். குணமடையாதவர்களின் கோப்புகளையும் பெயரை மறைத்து வெளியிடுங்கள். ஐயுறுவோரே, அந்தக் கணக்கு வருவதற்கு முன்பே எந்த எண்ணைக் கண்டால் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள் என்று எழுதிக் கையெழுத்திடுங்கள்.