6174: மாயமா, கணிதமா?

6174 என்னும் எண்ணைப் பற்றித் தமிழில் எழுதுவோர் பலர், 'மாய எண்' என்று தலைப்பிட்டு, இரண்டொரு கணக்கைப் போட்டுக் காட்டி, வியப்புக் குறியோடு முடித்துவிடுகின்றனர். இம்முறை கணிதத்திற்கும் நன்றன்று. அவ்வெண்ணைக் கண்டவருக்கும் பெருமை தருவதன்று.

கண்டவர் கப்ரேகர் (1905–1986). மராட்டிய நாட்டுத் தேவ்லாலியில் 1930 முதல் 1962 வரை பள்ளியாசிரியராகப் பணி செய்தவர். 1949ஆம் ஆண்டு சென்னையில் கூடிய கணித மாநாட்டில் இதனை அறிவித்தார். அற்ப விளையாட்டென ஒதுக்கிய கணித அறிஞரும் உண்டு. 1975இல் அமெரிக்க எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் எழுதிய பின்னரே அவர் புகழ் உலகெங்கும் பரவிற்று.

விதி எளிது. எல்லா இலக்கமும் ஒன்றாயிராத நான்கிலக்க எண் ஒன்று வேண்டும். மலாயா விடுதலை பெற்ற 1957ஐ எடுத்துக்கொள்வோம். இலக்கங்களை இறங்குவரிசையில் வைத்தால் 9751, ஏறுவரிசையில் 1579, கழித்தால் 8172. இவ்வாறே தொடர்ந்தால் 7443, 3996, 6264, 4176, 6174 என வந்து நிற்கும். 7641இல் 1467 போனால் மீண்டும் 6174 அன்றோ?

இங்கே வியக்க வேண்டாதது ஒன்றுண்டு. நான்கிலக்க எண்கள் ஓர் அளவுக்கு உட்பட்டவை. ஆதலின், திரும்பத் திரும்பக் கழித்தால் முன் வந்த எண் மறுபடியும் வந்தே தீரும். ஈரிலக்கத்திலும் 9, 81, 63, 27, 45, மீண்டும் 9 எனச் சுழல்கிறது. நான்கிலக்கத்தில் எங்கே தொடங்கினும் ஒரே எண்ணில் நிற்பதுதான் வியப்பு. அதனை இரண்டொரு எடுத்துக்காட்டு மெய்ப்பிக்காது.

மெய்ப்பிப்பது அரிதும் அன்று. மிகப் பெரிய இலக்கத்திற்கும் மிகச் சிறிய இலக்கத்திற்கும் உள்ள வேறுபாட்டை 999ஆல் பெருக்குக. நடு இரண்டின் வேறுபாட்டை 90ஆல் பெருக்குக. இரண்டையும் கூட்டினால் கழித்தலின் விடை கிடைக்கும். 1957க்கு 7992உம் 180உம் சேர்ந்து 8172. இரண்டாம் வேறுபாடு முதல் வேறுபாட்டை மிஞ்சாது. ஆகவே முதற் கழித்தலில் வரக்கூடிய விடைகள் 54 மட்டுமே. (999 வந்தால் 0999 என எழுதுக.) 18 மாணவர் உள்ள சிறு தோட்டப் பள்ளியிலும் ஆளுக்கு 3 எண்களைப் பகிர்ந்தளித்தால், ஒன்றும் விடாமல் சோதித்துவிடலாம். முதற் கழித்தலையும் சேர்த்து ஏழு படிகளுக்குள் எல்லாம் 6174ஐ அடையும்.

ஐந்திலக்க எண்கள் இவ்வாறு ஓரெண்ணில் நிற்பதில்லை, சுழன்றுகொண்டே இருக்கும். இதையும் எழுதுவோர் மறைத்தலாகாது. ஓர் ஆசிரியர் கண்டதை மாயமென்று கூறினால் மாணவன் கைதட்டுவான். 54 எண்களையும் அவனிடமே கொடுத்தால் கணிதம் கற்பான்.