வஞ்சியின் மறுபக்கம்

மண்ணாசையால் ஒரு வேந்தன் இன்னொரு வேந்தன்மேல் படையெடுப்பதை வஞ்சித்திணை என்கிறது தொல்காப்பியம். வஞ்சிக்கு அகத்தில் இணையாக அது வைப்பது முல்லையை, போனவன் திரும்பும்வரை வீட்டில் காத்திருக்கும் பெண்ணின் திணையை. ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தும் பாடம்தான். ஆனால் மண்ணுக்கான போரின் செலவு யார் பெயரில் எழுதப்படுகிறது என்பதை எரித்திரியாவைப் பற்றிப் படித்தபோதுதான் உணர்ந்தேன்.

எத்தியோப்பியாவிடமிருந்து விடுபட எரித்திரியர்கள் 1961 முதல் 1991 வரை போராடினார்கள். மக்கள் விடுதலை முன்னணியில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பெண். எத்தியோப்பியாவுக்குள் நடந்த உள்நாட்டுப் போரில் வென்ற திக்ரே இயக்கம் அவர்களுக்குக் கூட்டாளி. 1993இல் எரித்திரியா தனி நாடானது. ஐந்தே ஆண்டுகளில், 1998 மே மாதம், பாத்மே என்ற எல்லையோரச் சிற்றூர் யாருக்கு என்று பழைய தோழர்கள் மோதிக்கொண்டார்கள். இரண்டாண்டுப் போரில் பல்லாயிரம் உயிர்கள் போயின.

2002 ஏப்ரலில் எல்லை ஆணையம் பாத்மே எரித்திரியாவுக்கே என்று தீர்ப்பளித்தது. எத்தியோப்பியா ஊரை விட்டுக்கொடுக்கவில்லை. சட்டப்படியான உரிமை எரித்திரியாவுடையது. அதை நான் மறுக்கவில்லை. அந்த உரிமையைக் காட்டி ஓர் அரசு தன் மக்களிடம் எதையெல்லாம் பிடுங்கிக்கொள்ளலாம் என்றுதான் கேட்கிறேன்.

எத்தியோப்பியாவின் சரக்குகள் ஜிபூட்டிக்குப் போய்விட, எரித்திரியாவின் அசாப் துறைமுகம் வெறிச்சோடியது. 1997இல் ஏற்கப்பட்ட அரசியல் சாசனம் நடைமுறைக்கு வரவேயில்லை. அதைக் கேட்ட மூத்த தலைவர்கள் 2001 செப்டம்பரில் சிறை சென்றார்கள். அவர்களில் ஒருவர் முன்னாள் போராளி ஆஸ்டர் ஃபிஸ்ஸெஹாட்ஸியன். அவர்மீது எந்த விசாரணையும் நடக்கவில்லை. முப்பதாண்டுப் போராட்டத்தில் பெண்கள் ஈட்டிய குரலுக்கு எல்லைத் தகராறு கொடுத்த இடம் அந்தச் சிறை.

சட்டப்படி 18 மாதமே நீடிக்க வேண்டிய தேசியப் பணி, போருக்குப் பின் முடிவற்றதானது. ஆண், பெண் இருபாலருக்கும் அது கட்டாயம். பயிற்சி முகாம்களில் பெண்கள்மீது நடந்த பாலியல் வன்முறையை 2015இல் ஐ.நா. விசாரணை ஆணையம் பதிவு செய்தது. திருமணமோ பிள்ளைப்பேறோதான் பெண்களுக்கு அதிலிருந்து வெளியேறும் வழி. துப்பாக்கி ஏந்தி வீட்டைத் தாண்டிய தலைமுறையின் மகள்கள், துப்பாக்கிக்குத் தப்ப இளவயதிலேயே வீட்டுக்குள் ஓடினார்கள். இதைச் சமத்துவம் என்று எந்த வாயால் சொல்வது?

2018இல் எத்தியோப்பியா தீர்ப்பை ஏற்றது. ஜூலையில் அஸ்மாராவில் சமாதானம் கையெழுத்தானது. தேசியப் பணி மட்டும் முடியவில்லை. 2020 நவம்பரில் திக்ரே போர் தொடங்கியதும் எரித்திரியப் படை எல்லை தாண்டியது. எரித்திரியர்களில் பெரும்பாலோர் பேசும் அதே திக்ரிஞ்ஞா மொழி பேசும் பெண்கள்மீது அந்தச் சிப்பாய்கள் நிகழ்த்திய வன்முறையை மனித உரிமை அமைப்புகள் ஆவணப்படுத்தியுள்ளன. எல்லைக்காக வளர்க்கப்பட்ட படை, எல்லைப் பிரச்சினை தீர்ந்த பின்னும் தனக்கு வேலை தேடிக்கொண்டது.

முல்லைத் தலைவிக்குக் கார்காலம் என்றொரு தவணை உண்டு. மழை வந்தும் அவன் வராவிட்டால், வாக்குத் தவறினான் என்று சொல்லவாவது அவளுக்கு வாயிருக்கிறது. எரித்திரியப் பெண்ணுக்கு அந்த வாயும் இல்லை. மண்ணை மீட்கப் புறப்படும் எவரிடமும் நாம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: தவணை எப்போது முடியும்? முடிந்துவிட்டது என்று சொல்லும் அதிகாரம் எங்களுக்கு உண்டா?