செப்பில் விளைந்தது, பிளாஸ்டிக்கில் நிலைத்ததா?

தொடுதிரைகளில் ஒளிபுகு மின்முனையாக இருக்கும் இண்டியம் டின் ஆக்சைடின் இடத்தை, ஓரணுத் தடிமன் கரிப்படலமான கிராஃபீன் பிடித்துவிடும் என்ற பேச்சுக்குப் பெரிய பலம் தந்தது, 2010-இல் ‘நேச்சர் நானோடெக்னாலஜி’ இதழில் வந்த ஒரு கட்டுரை. தென்கொரியாவின் சுங்கியுன்க்வான் பல்கலைக்கழகத்தில் பியுங் ஹீ ஹாங், ஜோங்-ஹ்யுன் ஆன் குழுவினர் 30 அங்குலக் கிராஃபீன் படலத்தை வளர்த்தார்கள். உருளைகளுக்கு இடையே செலுத்திப் பிளாஸ்டிக்கில் ஒட்டினார்கள். தொடுதிரையும் செய்து காட்டினார்கள். அதன் பிறகு மடக்கு ஃபோன்களே கடைக்கு வந்துவிட்டன. அவை கிராஃபீனுக்காகக் காத்திருக்கவில்லை.

கட்டுரையில் பொய் இல்லை. அது எதை அளந்தது, எதை அளக்கவில்லை என்பதே கேள்வி.

படலத்தை வளர்க்கும் வேதியியலில் குறை சொல்ல இடமில்லை. 2009-இல் டெக்ஸாஸ் மாநிலத்து ஆஸ்டினில் ராட்னி ருவோஃப் குழு காட்டிய வழி அது. சுமார் 1,000 டிகிரி செல்சியஸில் செப்புத் தகட்டின் மேல் மீத்தேனும் ஹைட்ரஜனும் பாய்கின்றன. நிக்கலில் கரியணு உள்ளே கரைந்து, ஆறும்போது தாறுமாறாக வெளியேறிப் பல அடுக்குகளாகப் படியும். செப்பிலோ கரி கரைவதே அரிது. மேற்பரப்பை ஓர் அடுக்கு மூடியதும் மீத்தேனை உடைக்கச் செப்பு எட்டாது. வளர்ச்சி தானாக நின்றுவிடும். பரப்பில் 95 விழுக்காட்டுக்கு மேல் ஒற்றை அடுக்கு. அழகான வேலைதான்.

சிக்கலும் அந்த அழகிலேயே இருக்கிறது. ஓர் அடுக்கு 2.3 விழுக்காடு ஒளியை மட்டுமே விழுங்கும். ஆனால் கொரியக் குழுவுக்கு அதில் கிடைத்த தாள் மின்தடை சதுரத்துக்குச் சுமார் 125 ஓம். அவர்கள் பெருமையோடு முன்வைத்த 30 ஓம், நைட்ரிக் அமிலத்தில் நனைத்த நான்கு அடுக்குகளின் கணக்கு. ஓரடுக்கோடு நின்றுவிடும் படலத்தில் நான்கு வேண்டுமென்றால் நான்கு முறை வளர்க்க வேண்டும், நான்கு முறை பெயர்க்க வேண்டும். பெயர்ப்பதற்கு அடியிலுள்ள செப்பைக் கரைக்க வேண்டும். வழக்கமான 25 மைக்ரான் தகடு, மேலிருக்கும் படலத்தைவிட எழுபதாயிரம் மடங்குக்கு மேல் தடிமன். தோசையை எடுக்கக் கல்லைக் கரைப்பதுபோல. மின்வேதி முறையில் குமிழிகளை எழுப்பிப் படலத்தை உரித்தால் செப்பு மிஞ்சும், உண்மைதான். அப்போதும், பெயர்க்கும்போது கிராஃபீனைப் பிடித்துக்கொள்ளும் தாங்குபடலத்தின் பிசிறும் கிழிசலும் மடிப்பும் தீர்வதில்லை.

அமிலத்தையும் சேர்த்தே எடைபோட வேண்டும். நைட்ரிக் அமிலம் தரும் கூடுதல் மின்கடத்தல் நிலைப்பதில்லை. நாளாக ஆக மின்தடை ஏறும். ஆகவே 30 ஓம் என்பது செய்த வேளையின் எண். பல மாதம் கழித்துப் பயனரின் கையில் இருக்கும் எண் அல்ல. இண்டியம் டின் ஆக்சைடை வென்றதாகச் சொல்லும் ஒப்பீடு இங்கேதான் வலுவிழக்கிறது. வளைவதில் பெற்ற வெற்றியை மறுக்க மாட்டேன்: ஆக்சைடு 2, 3 விழுக்காடு இழுப்பிலேயே விரிசல் விடும்; கிராஃபீன் தொடுதிரை 6 விழுக்காடு வரை தாங்கியது. ஆனால் வளையும் திரைக்கு வெள்ளி நானோ கம்பிகளும் நுண்ணிய உலோக வலைகளும் இருக்கின்றன; 1,000 டிகிரி உலை அவற்றுக்குத் தேவையில்லை.

அளவைப் பெரிதாக்கினால் தீரும் என்ற வாதமும் நிற்கவில்லை. 2013-இல் சோனி 100 மீட்டர் நீளப் படலத்தையே உருட்டி எடுத்தது. கிடைத்த மின்தடை சுமார் 150 ஓம். 2021-இல் ருவோஃப், கொரியாவில் இருந்தபடி, செப்பு-நிக்கல் ஒற்றைப் படிகத் தகட்டில் ஏறத்தாழ 750 டிகிரியில் வளர்த்தால் மடிப்பே விழாது என்று நிறுவினார். வளர்ப்புக் கலை மீண்டும் ஒரு படி ஏறியது. பிளாஸ்டிக்கோ அந்தச் சூட்டையும் தாங்காது. பெயர்த்து ஒட்டும் வேலை அப்படியே இருக்கிறது.

என் தீர்ப்பு: திரைக்கான ஒளிபுகு மின்முனை என்ற முறையில் இந்தப் படலம் தோற்றுவிட்டது, தோற்றது வளர்ப்பில் அல்ல, பெயர்ப்பில். மின்தடை சற்றுக் கூடினாலும் பாதகமில்லாத, மென்மை மட்டுமே முக்கியமான இடங்களில் கணக்கு மாறுகிறது. 2017-இல் ஆஸ்டின் ஆய்வாளர்கள் தாங்குபடலத்தோடு சேர்த்தே அரை மைக்ரானுக்கும் குறைவான கிராஃபீன் ‘பச்சை’யைத் தோலில் ஒட்டி இதயத் துடிப்பின் மின்குறிகளைப் பதிவு செய்தார்கள். அங்கே தாங்குபடலத்தை அகற்ற வேண்டிய தேவையே இல்லை, நான்கு அடுக்கும் வேண்டாம், அமிலமும் வேண்டாம். முதலீடு போக வேண்டிய திசை அதுதான்.